இஞ்சி பீர்

இஞ்சி, சர்க்கரை, நீர் ஆகியவற்றை ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்துப் பெறும் நுரைபானம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவியது. நொதித்தல் நீள நீள ஆல்கஹால் கூடும். ஈஸ்டும் பாக்டீரியாவும் கூடிவாழ்ந்தே இதை நொதிக்கவைப்பதை ஹாரி மார்ஷல் வார்டு 1892இல் விளக்கினார். இலங்கையில் எலிபன்ட் ஹவுஸ் நிறுவனம் விற்கும் இஞ்சி பீர் ஆல்கஹால் இல்லாதது.

சொற்பிறப்பு: 'ஜிஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் திராவிட மொழிகளின் 'இஞ்சி', 'வேர்' ஆகிய சொற்களே என்பது அறிஞர் பலரின் முடிவு. இவ்விரண்டும் சேர்ந்த சொல் பாலியில் 'சிங்கிவேர', சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஜிங்கிபெர்' எனத் திரிந்து ஐரோப்பிய மொழிகளில் பரவியது. சமஸ்கிருத வடிவத்துக்குக் 'கொம்பு போன்ற உடலுடையது' என்று கூறப்படும் பொருள் பின்னர் கற்பிக்கப்பட்டது. 'பீர்' ஜெர்மானிய மொழிக் குடும்பச் சொல்.