ஒரே மழை, இரண்டு மண்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கிறவன் நான். அப்பாவுக்கு ஊருக்குக் கிழக்கே முதனைப் பக்கம் செம்மண் மேடு, முந்திரியும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும். அம்மா பிறந்தது மேற்கே, வேப்பூர்ப் பக்கத்துக் கரிசல் காடு. இரண்டு வீட்டுப் பேச்சையும் கேட்டு வளர்ந்ததால் மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகைப் பெருமழை இரண்டு பக்கமும்தான் பெய்யும். செம்மண்ணில் மழை விட்ட மறுநாளே ஏர் கட்டலாம். வெயில் ஒரு வாரம் காய்ந்தால் புழுதி பறக்கும். கரிசலில் வாரமானாலும் கால் வைக்க முடியாது. ஆனால் மழை ஓய்ந்த பிறகும் அந்த ஈரத்தைக் குடித்தே பருத்தி காய்க்கும். மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். அதுதான் விதைக்கிற பதம். கரிசலில் அந்தப் பதம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்பார் அம்மாவின் அப்பா.

19ஆம் நூற்றாண்டில் எங்கள் தென்னார்க்காட்டில் மணிலா என்ற இந்த மல்லாட்டை பரவியது. புதுச்சேரியிலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது. வியாபாரிகள் கொடுத்த காசு ஒரு காரணம். மண் இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரிது. பூத்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கரிசலில் அது எங்கே இறங்கும்? பிடுங்கினாலும் பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். முந்திரிக்கோ மேல்மண் காய்ந்தாலும் கவலையில்லை. வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போய்விடும். வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இந்த இரண்டு பயிருக்கும் ரகம் கண்டது. பெயர் வி.ஆர்.ஐ. என்று தொடங்கினால் நம்மூர்ச் சரக்கு.

கரிசலின் களி தண்ணீர் குடித்து உப்பும், வற்றினால் சுருங்கும். நிறையப் பிடித்து வைக்கும். அதில் ஒரு பங்கை வேருக்குக் கொடுக்கவே கொடுக்காது. தொட்டால் ஈரம், செடியோ வாடி நிற்கும். பீங்கான் களி வேறு சாதி. வெப்பமும் மழையும் யுகக்கணக்கில் பாறையை அரித்து, கரைவதையெல்லாம் கழுவிக்கொண்டு போனபின் மிஞ்சிய வெள்ளைக் களி அது. அதிகம் உப்பாது. அதனால்தான் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை கீறல் விடாமல் காய்கிறது. கரிசல் களியை ஊற்றிப் பாருங்கள், சூளைக்குப் போகுமுன்பே வெடித்துவிடும்.

அந்த வெள்ளைக் களி நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிறது. பக்கத்தில் மண் இருந்ததால்தான் இங்கே செராமிக் தொழிற்பேட்டையும் பயிற்சி நிலையமும் வந்தன. நெய்வேலிச் சுரங்கமோ, 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாய் ஏதோ வந்ததில் தொடங்கிய கதை. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அது ஆழத்து நீர். மேல்மண்ணின் ஈரக்கணக்கு தனி. அதை இன்னமும் வானமும் களியும்தான் எழுதுகின்றன.

எங்கள் பட்டறையும் அந்த ஈரக்கணக்குக்குக் கட்டுப்பட்டதே. கார்த்திகை தீபத்துக்கு அகல் கேட்டு ஆள் வருகிற அதே அடைமழையில் அச்சு ஈரம் விடாது, வார்ப்பு தாமதமாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள்: இத்தனை சென்டிமீட்டர் மழை என்ற செய்தியை மட்டும் வைத்து எங்கள் வட்டாரத்தை வறட்சி என்றோ செழிப்பு என்றோ எழுதாதீர்கள். எந்த மண்ணில் பெய்தது என்றும் கேளுங்கள்.