தட்டா, சி.டி.யா? ஒரு ஹாஸ்டல் சண்டையின் கதை



நாங்கள் படித்த 70-களில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தீராத சண்டைகள் சில உண்டு. கவாஸ்கரா, விஸ்வநாத்தா என்பது ஒன்று. ராயர் கபே இட்லியா, மெஸ் இட்லியா என்பது இன்னொன்று (இதில் மெஸ் கட்சிக்கு ஆளே கிடையாது). படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு ஒரு புதிய சண்டை சேர்ந்தது. ராக் இசையைக் கேட்க நல்லது இசைத்தட்டா, சி.டி.யா? இன்றும் ரீயூனியனில் காபி வருவதற்கு முன் இது ஆரம்பித்துவிடும். இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் நின்றவன், ஒரு பெரிய தப்பும் செய்தவன். அதனால் இதன் சரித்திரத்தை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

1963-இல் எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு ரெக்கார்ட் ப்ளேயர் வந்ததே அதற்காகத்தான். அப்பா ஆபீஸ் கிளம்பியதும் அதே ஊசி பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ மேல் இறங்கும். 1973-இல் வந்த அந்த ஆல்பத்தின் இந்தியப் பதிப்பு கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானது. புதுத்தட்டு வாங்கக் காசில்லாதவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் அது எரியும் வரை பழைய தட்டுகளை அங்கே புரட்டிப் புரட்டி எடுப்போம்.

அந்த ஆல்பம் ஓர் இதயத் துடிப்போடு மெல்லத் தொடங்கும். எங்கள் பெட்டி ப்ளேயரில் அது துடிப்பா, தட்டின் கரகரப்பா என்றே தெரியாது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் கிளேர் டோரி என்ற பாடகி வார்த்தையே இல்லாமல் உச்சத்தில் குரல் கொடுப்பார். சரியாக அங்கேதான் குரல் பிசிறடிக்கும். “ஊசியை மாத்துடா” என்பான் நண்பன். மாற்றியும் பிசிறு முழுசாகப் போகவில்லை.

காரணம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை ஒரே சீராகச் சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும். நடுவை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதே ஓசையை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதினால் உச்சஸ்தாயி கலங்கத்தானே செய்யும்? அதோடு கனத்த கீழ் ஓசைக்குப் பள்ளம் அகலமாக வேண்டும். அதனால் தட்டு வெட்டும்போது கீழ் ஓசையைக் குறைத்து, மேல் ஓசையைக் கூட்டி எழுதுவார்கள். ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிச் சரிசெய்யும். பல வீட்டுப் பெட்டிகள் இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்தன.

சி.டி. 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நான் முதலில் கேட்டது 80-களின் கடைசியில், அடையாறில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு நண்பன் வீட்டில். அதே ஆல்பம். நிசப்தம், அதிலிருந்து துடிப்பு. கொஞ்ச நேரத்தில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது அவன் பாட்டி “யார்றா அலாரம் வச்சது?” என்று எழுந்து வந்துவிட்டார். கிளேர் டோரியின் குரல் துளிப் பிசிறில்லாமல் வந்தது. நான் கட்சி மாறினேன்.

அடுத்து நான் செய்ததுதான் அந்தத் தப்பு. ஒரு முப்பது, நாற்பது தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். “சி.டி. இருக்கே, இது எதுக்கு?”

பதில் சில வருஷங்களில் கிடைத்தது. சி.டி. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. வெளியே வரும் ஒலி படிப்படியாக இராது, வழவழப்பாகவே வரும். மனிதக் காதுக்கு இது போதும். ஆனால் அதில் என்ன எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆரம்ப கால சி.டி.க்கள் சிலவற்றுக்கு, எல்.பி. வெட்டுவதற்காகத் திருத்திய டேப்பையே பயன்படுத்தினார்கள். அதனால்தான் அவை வறட்டு ஒலியாக இருந்தன. 90-களில் எல்லோரையும்விடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டி முற்றியது. சி.டி.யின் உச்ச அளவு வீட்டுக் கூரை மாதிரி, தாண்ட முடியாது. ஆகவே மெல்லிய இடங்களைத் தூக்கிக் கூரையோடு ஒட்டவைத்தார்கள். கேட்கக் கேட்கத் தலைவலி! 2008-இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது, அதைச் சரிசெய்து தரும்படி ரசிகர்கள் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள்.

தட்டுக் கட்சியும் குதிக்க வேண்டாம். 2022-இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர் பெற்ற நிறுவனத்தின் பல எல்.பி.க்கள் டிஜிட்டல் நகலிலிருந்து வெட்டப்பட்டவை என்று தெரியவந்தது. அதுவரை அவற்றில் சுத்த அனலாக் இனிமையைக் கண்டு உருகியவர்கள் பலர்! அதே 2022-இல்தான் அமெரிக்காவில் தட்டு 4.1 கோடியும் சி.டி. 3.3 கோடியும் விற்று, 1987-க்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கையில் தட்டு முந்தியது.

ஆக, என் முடிவு இது. கொள்ளளவில் சி.டி. மேல், சந்தேகமில்லை. ஆனால் நம் காதுக்கு வருவது எந்த டேப், யார் திருத்தியது, எந்த ஊசி என்பதைப் பொறுத்தது. ஒப்பிடுகிற மாணவச் செல்வங்கள் முதலில் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். போன வருஷம் நாங்கள் ஐந்து பேர் அப்படி அளவைச் சமமாக்கிக் கேட்டோம். முப்பது வருஷமாகக் கத்திய கட்சிகள் இரண்டும் கப்சிப்.

ஆகவேதான் ஒன்று வந்ததும் மற்றதைத் தூக்கிப் போடக்கூடாது என்கிறேன். ஒரு பதிப்பைக் கெடுத்துவிட்டால் பழைய பதிப்புதான் சாட்சி. நான் என் சாட்சிகளைக் கிலோ கணக்கில் விற்றவன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஹாஸ்டல் காமன் ரூம் அலமாரியில் இருந்த ரெக்கார்டுகள் எங்கே போயின? யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். சென்னை வெயிலும் கடற்காற்றும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் யார் என்று கேட்கமாட்டோம், சத்தியமாக!