தேர்வுப் பட்டியலும் புகார் மனுவும்

"நம்ம காலேஜ் விளையாட்டு வரலாறு பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோப்பைகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோப்பைக் கணக்கு அலுவலகச் சுவரில் பலகையாகவே தொங்குகிறது. பலகையில் ஏறாத ஒரு கணக்கை எழுதலாம் என்று தோன்றியது.

1988 முதல் 1991 வரை இங்கே கபடி ஆடினேன். காலடிப்பேட்டையிலிருந்து விடிகாலையில் நடந்தே மைதானத்துக்கு வருவேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். மாவட்ட அணியில் பேர் வந்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ ஒரு வேலைக்கு வழி. ஆகவே, அந்தப் பட்டியலை எழுதுகிறவர் கையில்தான் எங்கள் தலையெழுத்து இருந்தது.

என்னோடு ரைடு போன ஒருத்தி, எங்கள் எல்லோரையும்விட நல்ல ஆட்டக்காரி, 1990-ல் வெளியே நடந்த ஒரு தேர்வு முகாமுக்குப் பிறகு மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க" என்றாள். நாங்களும் நம்பினோம். முகாமில் பொறுப்பாக இருந்தவர், "லிஸ்ட் பத்திப் பேசணும், தனியா வா" என்று கூப்பிட்டு நடந்துகொண்ட விதத்தை அவள் சொன்னது பல வருஷம் கழித்து. அப்போது எங்களிடம் அதற்கு இருந்த ஒரே சொல் 'சில்மிஷம்'. சிரித்துவிட்டுப் போகிற சொல்! அவள் மனு எழுதியிருந்தாலும், அதை வாங்கவேண்டியவர் அதே ஆள்தான்.

அதே 1990, ஆகஸ்ட் 12. அரியானாவின் பஞ்ச்குலாவில் ருச்சிகா கிர்ஹோத்ரா என்ற 14 வயது டென்னிஸ் ஆட்டக்காரி மாநில டென்னிஸ் சங்கத் தலைவரால் மானபங்கப்படுத்தப்பட்டாள். அந்தத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர், போலீஸ் ஐ.ஜி.யும்கூட. சங்கத்துக்குப் போனால் அவர், போலீசுக்குப் போனாலும் அவர். பள்ளிக்கூடம் அவளை வெளியேற்றியது. 1993 டிசம்பரில் அவள் தற்கொலை செய்துகொண்டாள். எப்.ஐ.ஆர். போட்டதே 1999-ல்தான். 2009-ல் தண்டனை: ஆறு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். மறு ஆண்டு அது 18 மாதமாயிற்று. தோழி ஆராதனாவும் அவள் பெற்றோரும் விடாமல் அலைந்திராவிட்டால் இதுவும் இல்லை.

சட்டம் மெல்லத்தான் வந்தது. ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டி, 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகள் வகுத்தது. 2012-ல் போக்சோ. 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். இந்தச் சட்டத்தில் 'பணியிடம்' என்பதற்குள் விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாமே அடக்கம். பத்துப் பேர் வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைமையில் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், ஒருவர் வெளியாள். அந்த வெளியாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டியல் எழுதுகிற கையும் மனு வாங்குகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதானே!

ஏட்டில் இருந்தது எல்லா மைதானத்துக்கும் வந்து சேரவில்லை. 2021 மே மாதம், நமக்குப் பக்கத்திலேயே, பாரிமுனைப் பக்கம் பயிற்சி கொடுத்துவந்த தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மாணவி கொடுத்த புகாரில் போக்சோவில் கைதானார். ஒருத்தி வாய் திறந்த பிறகு, பழைய மாணவிகளும் முன்வந்தார்கள். 2023-ல் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக் போன்ற மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததும், உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே டெல்லிப் போலீஸ் வழக்குப் பதிந்ததும் நீங்கள் அறிந்ததே. உலக அளவில் பதக்கம் வாங்கியவர்களுக்கே அந்தக் கதி என்றால், டோல்கேட் பிள்ளைக்கு? 2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. தேசியச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும் என்கிறது.

நான் பி.டி. டீச்சராக இருந்தவள். பயிற்சியில் தொடாமல் முடியாது. கையைப் பிடித்துத்தான் சில பிடிகளைச் சொல்லித்தர முடியும். ஆகவே, முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: தொடுவதற்கு முன் எங்கே, எதற்கு என்று கோச் சொல்ல வேண்டும், வெளியூர் போனால் கூட ஒரு பெண் மேனேஜர் வர வேண்டும், தனி அறைக்குக் கூப்பிட்டால் தோழியோடு போ. பெற்றோர்தான் பயப்படுவார்கள், "கோச் கோவிச்சுக்கப் போறாரு டீச்சர்" என்று.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நம் கல்லூரிப் புகார்க் குழுவில் யார் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சங்கம் நடத்துகிற போட்டி அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறோம். கீழே ஒரு வரி, புகார் கொடுக்க வேண்டியவர் பெயரும் போன் நம்பரும் போட்டால் என்ன?

இதை எழுதியதும் என் தோழிக்குப் படித்துக் காட்டினேன். "என் பேரைப் போட்டுடாதடி" என்றாள். போடவில்லை. அவள் பேத்தி ஆறாவது படிக்கிறாள், வாலிபால் ஆடுகிறாள். போன கோடை முகாமுக்கு அனுப்பும் முன், "கூட லேடி மேனேஜர் யாரு?" என்று பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கேட்டாளாம். பேரைச் சொன்ன பிறகுதான் பையைக் கையில் கொடுத்திருக்கிறாள்.