கம்பியின் கடைசி முனை: தொலைபேசி இணைப்பகம் முதல் விளிம்புக் கணிமை வரை

1870–71ஆம் ஆண்டுகளில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தந்திவடம் கடலடியில் இடப்பட்டது. வாரக்கணக்கில் கப்பலில் பயணம் செய்த செய்தி, அதன்பின் சில மணி நேரத்திற்குள் கரை சேர்ந்தது. வணிகருக்கும் ஆட்சியாளருக்கும் அது பெரும்பேறாயிற்று. பின்னாளில் அதே கடலைக் கடந்து கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்க்கோ அவ்வடம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. பினாங்குக் கரைக்கும் கூலிம் வட்டாரத்துக் கரங்கானுக்கும் இடையே நிலவழியில் உள்ள தொலைவு சில பத்துக் கிலோமீட்டரே. ஆயினும், செய்தித்தொடர்பின் வரலாற்றில் கடலைக் கடப்பதைவிட அந்தக் கடைசித் தொலைவைக் கடப்பதே கடினமாக இருந்தது. இன்று ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ எனப்படும் விளிம்புக் கணிமையும், வலையமைப்பின் தானியக்கமும் எதற்காகத் தோன்றின என்பதை விளங்கிக்கொள்ள இவ்வரலாறே தக்க தொடக்கமாகும்.

இணைப்பாளரும் இயந்திரமும்

கோலாலம்பூரில் முதல் தொலைபேசி இணைப்பகம் 1891இல் இயங்கத் தொடங்கியது. அக்கால இணைப்பகத்தில் மனிதரே இயந்திரத்தின் பணியைச் செய்தனர். ஒருவர் அழைத்தால், பலகையின் முன் அமர்ந்திருக்கும் இணைப்பாளர் எண்ணைக் கேட்டு, வடத்தின் முனையை உரிய துளையில் செருகி இருவரையும் இணைப்பார். எவர் எவருடன் பேசினார் என்பது அவருக்குத் தெரியும்.

அதே 1891இல் அமெரிக்காவின் அல்மன் ஸ்ட்ரவுஜர் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இறுதிச் சடங்குத் தொழில் நடத்திய அவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என ஐயுற்றே இதனைக் கண்டுபிடித்தார் எனச் சொல்லப்படுகிறது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அவரது முறையில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. மலாயாவில் 1962இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, இணைப்பாளரின் துணையின்றி நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி நுண்ணலைவழி வந்தது.

இம்மாற்றத்தில் மொழி ஆர்வலர் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. பழைய முறையில் அழைப்பவர், இணைப்பாளருக்குப் புரியும் மொழியில் எண்ணைச் சொல்லியாக வேண்டும். சுழற்று வட்டுக்கோ மொழி இல்லை. எண்களை அறிந்த எவரும் அதைப் பயன்படுத்தலாம். தானியக்கத்தின் முதல் அலை, அறிந்தோ அறியாமலோ, மொழி என்னும் தடையை நீக்கியது. ஆனால் கம்பி எதுவரை செல்லும் என்பதை இயந்திரம் முடிவு செய்யவில்லை. மனிதரே முடிவு செய்தனர். தோட்டங்களில் தொலைபேசி இருந்த இடங்கள் பெரும்பாலும் அலுவலகமும் துரையின் பங்களாவுமே. லயங்களில் வாழ்ந்தோர்க்கு நகரத்து அஞ்சலகமே கதியாயிற்று.

ஊருக்கொரு இணைப்பகம்

விளிம்பை மனத்தில் வைத்து வடிவமைத்த முயற்சிகளும் உண்டு. இந்திய அரசு 1984இல் நிறுவிய ‘சி-டாட்’ என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், சிற்றூர்களுக்கென 128 முனைகள் கொண்ட சிறு மின்னணு இணைப்பகத்தை உருவாக்கியது. அது 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. பெருநகர இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறை தேவைப்பட்டது. இச்சிறு கருவியோ வெப்பத்தையும் தூசியையும் தாங்கி, குளிரூட்டி இல்லாமலே இயங்கியது. ஊரை நகரத்தின் கருவிக்கு ஏற்ப மாற்றாமல், கருவியை ஊருக்கு ஏற்ப மாற்றியதே அதன் சிறப்பு.

மையத்திலிருந்து விளிம்புக்கு

அண்மைக் காலம்வரை தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தனிக் கருவியை வாங்கின. 2012 அக்டோபரில் ஜெர்மனியின் டாம்ஷ்டாட் நகரில் நடந்த மாநாட்டில், உலகின் முன்னணி நிறுவனங்கள் பல கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. அப்பணிகளை மென்பொருளாக்கிப் பொதுக் கணினிகளில் இயக்கலாம் என்பதே அதன் சாரம். மென்பொருளான பின் ஒரு சேவை ஒரே கட்டடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. பயனரின் அருகிலேயே வைக்கலாம். 2014இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது.

அருகில் வைப்பதால் என்ன பயன்? கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்திற்குப் போய்த் திரும்ப மூன்று மில்லி நொடி ஆகும். இடைக் கருவிகளின் தாமதம் அதனுடன் சேரும். உரையாடலுக்கு அது பொருட்டன்று. ஆனால் ஆலையில் இயந்திரக் கையை இயக்கும்போது அது பொருட்டாகும். மேலும், மையத்தோடுள்ள இணைப்பு அறுந்தாலும் அருகிலுள்ள கணினி தன் பணியைத் தொடர வாய்ப்புண்டு.

ஆனால் நாடெங்கும் பரவிய ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்குத் தொழில்நுட்பரை ஒவ்வொரு முறையும் அனுப்ப இயலாது. ஆகவே தானியக்கம் இன்றியமையாததாகிறது. ‘இச்சேவை இந்நிலையில் இருக்க வேண்டும்’ எனப் பொறியாளர் எழுதி வைக்கிறார். மென்பொருள் இடையறாது கண்காணித்து, விலகல் நேர்ந்தால் தானே திருத்துகிறது.

இதில் இடரும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஓர் இணைப்பகம் சிறு பழுதிலிருந்து தானே மீண்டு, அச்செய்தியை அண்டை இணைப்பகங்களுக்கு அறிவித்தது. மென்பொருட் பிழையொன்றால் அச்செய்தியே அவற்றையும் முடக்கிற்று. ஏடி&டி நிறுவனத்தின் தொலைதூரச் சேவை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நிலைகுலைந்தது. தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு, தன் பிழையையும் தானே பரப்பும்.

நம் விளிம்பு

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டபின், ரப்பர் மரங்களின் நாடாக இருந்த இவ்வட்டாரம் மின்னணுத் தொழிலின் களமாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் இணைய அலைக்காக மாணவர் அலைந்த 2020இல் ‘ஜெண்டேலா’ திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 இறுதிக்குள் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டது. அதே டிசம்பரில் ஐந்தாம் தலைமுறை தொடங்கிற்று. முதலில் வந்தது கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய நகரங்களுக்கே. வரிசை மாறவில்லை: மையம் முதலில், விளிம்பு பின்னர்.

இப்போது இன்னொரு வினாவும் எழுகிறது. சுழற்று வட்டுக்கு மொழி இல்லை. இன்றைய தானியங்கிச் சேவைகளோ பேசுகின்றன, பேச்சைக் கேட்கின்றன. இணைப்பாளரோடு வெளியேறிய மொழித்தடை, இயந்திரத்தின் குரலில் மீண்டும் நுழைகிறது. கரங்கானின் மூதாட்டி ஒருவர் தம் பேச்சு வழக்கில் கேட்டால் அவ்வியந்திரம் விளங்கிக்கொள்ளுமா? கோபுரத்தின் அடியில் கணினியை வைப்பது பொறியாளர் கடன். அக்கணினிக்கு நம் வழக்கை அறிவிக்கும் சொற்களையும் குரல்களையும் திரட்டித் தருவது ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி. கம்பி வருவதற்கு நம் முன்னோர் காத்திருக்க நேர்ந்தது. மொழியின் பொருட்டு நாம் அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை.