பேரேட்டில் ஏறாத பெயர்

என் அம்மா முப்பது வருடம் தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரினாள். பாத்தியில் பட்டுத் திரும்பிய வெயில் அவள் கண்ணைக் கெடுத்தது. காலில் புண் ஆறிய நாளே இல்லை. பார்வை மங்கியதும் கணக்கப்பிள்ளை சொன்னது இவ்வளவுதான்: "நாளையிலருந்து வராதம்மா." இதற்கு நஷ்டஈடு கேட்க முடியாதா என்று அன்றைக்குத்தான் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் தொழிலாளர் வரலாறு என்றால் 1908ஆம் ஆண்டு கோரல் மில் வேலைநிறுத்தம்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. ஆனால் அக்காலத்தில் எந்திரத்தில் கை போனால், முதலாளியின் தவற்றை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இழப்பீட்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. வேலையின் காரணமாக, வேலையின்போது அடிபட்டிருந்தால் போதும். உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கைநாட்டு வாங்கிய தாள் செல்லாது.

அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 2009 வரை 'வொர்க்மென்' என்றே இருந்தது. அதன் 8ஆம் பிரிவு, மொத்தமாகத் தரும் இழப்பீட்டைப் பெண்ணின் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும் என்றது. அந்த வரியில் பெண்ணோடு சேர்த்து வைக்கப்பட்டவர்கள், சிறுவர் போன்ற சட்டத் தகுதி இல்லாதவர்கள். உப்பு சுமக்கத் தகுதி உள்ளவளுக்குப் பணம் வாங்கத் தகுதி இல்லை!

அம்மாவுக்கு நேர்ந்தது ஒருநாள் விபத்தல்ல, மெல்ல வந்த நோய். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தோல் நோய்கள் உண்டு. கண்புரையும் உண்டு, ஆனால் அகச்சிவப்புக் கதிர்களால் வந்ததாக இருக்க வேண்டும். உப்பளத்தின் கண்கூச்சத்துக்கு அங்கே பெயரில்லை. இந்த நோய்களுக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். அம்மா கூப்பிட்ட அளத்துக்கெல்லாம் போனவள். ஐப்பசி மழை வந்தால் வேலையே இல்லை. எந்தப் பேரேட்டிலும் அவள் பெயர் ஏறவில்லை. அதே சட்டம், கல்தூசியால் நுரையீரல் கெட்டவருக்கு அவரை வேலை வாங்கிய முதலாளிகள் எல்லாரும் பங்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. நுரையீரலுக்குச் செய்த நியாயத்தைக் கண்ணுக்கும் காலுக்கும் ஏன் செய்யக் கூடாது?

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பழைய சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆறு மாத நிபந்தனை அதிலும் தொடர்கிறது. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் 5000 ரூபாய் தருகிறது. நல்லதுதான். ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. ஒன்று இரக்கத்தில் வருவது. மற்றது, உன் உடம்பு கெட்டதற்கு நான் பொறுப்பு என்று முதலாளி ஒப்புக்கொள்வது.

தவற்றை நிரூபிக்கும் சுமை போய் நூறு வருடம் ஆகிறது. தான் யாரிடம் வேலை செய்தோம் என்று நிரூபிக்கும் சுமை அம்மாவின் தலையிலேயே இருக்கிறது. அதனால் இப்போது அளத்துக்குப் போகும் பெண்களிடம் ஒன்று சொல்கிறேன்: எந்த அளம், எந்த நாள், எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் எழுதாத பேரேட்டை நாம் எழுதுவோம்.