குடியை விட்டவருக்கு முதலில் சோறு: சங்கரன்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

குடிக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார், 180 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார் என்று 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வறிக்கை சொல்கிறது. மற்றவர்கள் குடியை விட நினைத்தால் அதை வீட்டில்தான் செய்தாக வேண்டும். விசைத்தறியும் கோயிலும் சேர்ந்து வளர்த்த ஊரான சங்கரன்கோவிலில் அதற்கான வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சாமி முன்னால் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு விரதம் இருப்பது, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவது. இவற்றின் மன வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குடியை விடுவதை ஒழுக்கத்தின் வெற்றியாக மட்டும் பார்ப்பதால், விட்டவரின் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது, அதற்கு என்ன உணவு வேண்டும் என்ற கேள்வி எழுவதே இல்லை. உணவை மருந்துக்கு அடுத்த இடத்தில் வைப்பது தவறு. அது சிகிச்சையின் முதல் படி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

42.8 விழுக்காடு சாராயம் கொண்ட ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி என்று கொண்டால் 420 கலோரி. புரதம் இல்லை, வைட்டமின் இல்லை, தாது உப்பு இல்லை. இரவுத் தறி முடித்து வெறும் வயிற்றில் குடிப்பவருக்குப் பசி அடங்கிவிடுகிறது. உணவு உள்ளே போகவில்லை. உடல் சேமித்து வைத்திருக்கும் தயமின் எனும் பி1 வைட்டமின் சுமார் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். குடியோ வரத்தைக் குடலிலேயே தடுக்கிறது. கல்லீரலின் சேமிப்பையும் குறைக்கிறது.

பி1 தீர்ந்தால் வரும் மூளைப் பாதிப்பை 1881-இல் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைக் கொண்டு விவரித்தார். இருவர் குடிநோயாளிகள். மூன்றாமவர் கந்தக அமிலத்தை விழுங்கியபின் ஓயாமல் வாந்தியெடுத்த இளம்பெண். தையல் வேலை செய்தவர். இந்த மூன்றாவது நோயாளியைத்தான் நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூளையைச் சாய்ப்பது பட்டினி. குடி அதற்கு வாசல் திறந்துவிடுகிறது. கண் பார்வை நிலைகொள்ளாமல் அலைவது, கால் தள்ளாடுவது, புத்தி குழம்புவது ஆகியவை இதன் அறிகுறிகள். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து தெரிவது குறைவு. தெரிந்தாலும் வீட்டார் "இன்னும் போதை தெளியல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். அந்த ஒரு நாள் தாமதம், பிறகு திரும்பாத நினைவிழப்பில் முடியலாம்.

பி1 குறைபாட்டின் வரலாற்றில் தமிழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பிரிவுதான் இன்றைய ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அங்கே அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு காலத்து ஆய்வுகள் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கின. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அடுப்படியில் காத்த அந்தப் பாதுகாப்பைக் குடி அழித்துவிடுகிறது. புழுங்கலரிசி உண்ணும் ஊரிலும் குடிநோயாளிக்கு மட்டும் பெரிபெரியின் உறவுநோய் வருவது இதனால்தான்.

இனி, குடியை விடும் நாளையும், விட்டவரின் உடம்பைக் கெடுக்கும் மூன்று பழக்கங்களையும் பார்ப்போம். முதலாவது விரதம். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரை போகலாம், உயிராபத்தும் உண்டு. அதே நாளில் ஒருவேளை உணவு என்ற விரதமும் தொடங்கினால், கையிருப்பில்லாத உடம்பின் மேல் இரட்டைச் சுமை ஏறுகிறது. விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரைப் பார்த்து, சில வாரம் நன்றாகச் சாப்பிட்ட பிறகு மாலை போடட்டும். சாமி காத்திருப்பார்.

இரண்டாவது பழக்கம் குளுக்கோஸ் பாட்டில். "ஆள் சோர்ந்துட்டான், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று குடும்பமே கேட்கும். குளுக்கோஸை எரிக்க பி1 வேண்டும். இருந்த கொஞ்சமும் அதில் செலவாகிவிடும். எனவே குடிநோயாளிக்கு பி1 ஊசி முதலில் அல்லது குளுக்கோஸோடு சேர்ந்தே போக வேண்டும். ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் மட்டும் பி1-க்காகக் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது. மாத்திரை மட்டும் போதாது. பழுதுபட்ட குடல் அதை முழுமையாக உறிஞ்சாது.

மூன்றாவது, என் பார்வையில் அதிகம் கெடுப்பது, மஞ்சள்காமாலைப் பத்தியம். கண் மஞ்சளானதும் முட்டை, மீன், கறி, எண்ணெய் எல்லாம் நின்றுவிடும். மோர்சோறும் இளநீரும் மிஞ்சும். குடியால் கல்லீரல் சுருங்கியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். பத்தியச் சாப்பாட்டில் அது தேறுவதே கடினம். கல்லீரலில் சர்க்கரை இருப்பு இல்லாததால், இரவு நீண்ட பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கிறது. கை கால் சூம்பி வயிறு மட்டும் பெருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படுக்கும் முன் ஒரு சிற்றுணவு அவசியம். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதில் மட்டும் பத்தியம் சரியாக இருக்கிறது.

தீர்வுக்கு வெளியூர்ச் சத்துமாவு டப்பா தேவையில்லை. நெல்லைச் சீமையின் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் புரதத்தையும் பி1-ஐயும் ஒருசேரத் தருகின்றன. முட்டை, கடலை, பாசிப்பயறு, வடிக்காமல் பொங்கிய புழுங்கலரிசிச் சோறு ஆகியவையும் போதும். ஆனால் பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே வயிறு நிறையப் போடக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறும். சிறுகச் சிறுக, பலவேளையாகக் கொடுப்பதே முறை. ஹான்ஸ் புகையிலையும் பாக்கும் போட்டு வாய் திறக்க முடியாமல் போனவருக்கு இந்த உணவையே குழைத்துத் தர வேண்டியிருக்கும்.

காசநோயில் இந்தப் பாடம் ஏற்கப்பட்டுவிட்டது. நோயாளிக்கு உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் கிடைத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு, அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023-இல் காட்டியது. குடிநோயாளியும் காசநோயாளியும் பலமுறை ஒரே ஆள்தான். குடியும் மெலிவும் காசநோய்க்கு வழி. அந்த ஆளுக்கு ஒரு நோய்க்குச் சோறு, இன்னொரு நோய்க்கு அறிவுரை என்பது நியாயமாகாது.

அந்தச் சோற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்கத் தேவையில்லை: 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே நடத்துகிறது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் குடியை விட வருபவர் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த அன்றே பி1 ஊசி, எடை பார்த்து உணவுக் குறிப்பு, குறைந்தது மூன்று மாதத்துக்கு முட்டையும் பயறும் கொடுக்க அந்த வருவாயிலிருந்தே அரசு நிதி ஒதுக்க வேண்டும்.