காதங்கி ராடாரும் பிளாப்பிக் கணக்கும்

ரயில்காரர்களுக்கு பாகாலா ஒரு ஜங்ஷன்: காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என்று தண்டவாளம் மூன்றாகப் பிரிகிற ஊர். இயற்பியல் படித்த எங்களுக்கோ பாகாலா பக்கம் போவதென்றால் காதங்கிக்குப் போவதுதான். சித்தூர்–திருப்பதி சாலையை ஒட்டி, குன்றுகளுக்கு நடுவே, மேலே வீசும் காற்றை அளக்கும் எம்எஸ்டி ராடார் அங்கே இருக்கிறது. 130 மீட்டர் சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை. மொத்தம் 1024 யாகி ஆன்டெனா. மும்பை சமீர் நிறுவனம் கட்டியது. 1990களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. சுற்றியுள்ள குன்றுகள் வெளி ரேடியோ இரைச்சலைத் தடுக்கும். ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா எட்டும் தூரம். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். இந்த ராடாருக்கென்றே யுஜிசி உதவியோடு அங்கே ஒரு மையமும் அமைந்தது.

வருகிறவர்கள் ஆன்டெனா வயலைத்தான் படம் பிடிப்பார்கள். காற்றை அளந்தது என்னவோ அறைக்குள் இருந்த கம்ப்யூட்டர். 53 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போகிறது. காற்றின் கலக்கத்தில் பட்டுத் துளியூண்டு திரும்புகிறது, அதுவும் இரைச்சலுக்குள் புதைந்து. வழக்கமாக நாங்கள் வைத்த அளவைச் சொல்கிறேன். மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. 150 மீட்டருக்கு ஓர் அடுக்காக 150 அடுக்கு, அதாவது இருபத்திரண்டரை கிலோமீட்டர் உயரம். 64 துடிப்புகளைக் கூட்டினால் சிக்னல் சேரும், இரைச்சல் அந்த வேகத்தில் சேராது. இப்படி 512 கூட்டல் முடிய 33 விநாடி ஆகும். துடிப்புக்கு அடுக்குக்கு இரண்டு எண் வீதம் அதற்குள் வந்து விழுந்த 98 லட்சம் எண்கள் 1,53,600 ஆகச் சுருங்கியிருக்கும்.

அடுத்தது எஃப்எஃப்டி, சிக்னலை அலைவெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு. கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட முறை. அது இல்லாவிட்டால் அன்றைய கம்ப்யூட்டரில் இந்த வேலை நினைத்துப் பார்க்க முடியாதது. ஒவ்வோர் அடுக்குக்கும் 512 எண் கொண்ட ஒரு நிறமாலை வரும். அதன் முகடு எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுதான் காற்றின் வேகம். நேர் மேலே ஒன்று, நான்கு திசைக்கும் 10 பாகை சாய்த்து நான்கு, ஆக ஐந்து பார்வை.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி மாணவன் மாட்டிக்கொள்வான். எண்ணுக்கு 4 பைட் என்றால் ஐந்து பார்வையின் நிறமாலை 15,36,000 பைட். ஒரு பிளாப்பி கொள்வது 14,74,560. மூன்று நிமிஷம்கூட ஆகாத ஒரு சுற்று ஒரு பிளாப்பிக்குள் அடங்காது! கல்வி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் எர்நெட் 1986இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதில் முதலில் சேர்ந்தவை ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும். எங்களுக்கு டேட்டா வந்தது ஆர்டிசி பஸ்ஸில், சட்டைப் பையில். ஆகவே ஒவ்வொரு நிறமாலையிலும் மூன்று எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சக்தி, சராசரி நகர்வு, அகலம். சுற்றுக்கு 9,000 பைட். ஏழு மணி நேரப் பதிவு ஒரே பிளாப்பியில் திருப்பதி வந்து சேரும்.

சுருக்கியதில் போனது என்ன? இடிமழை நேரத்தில் இந்த ராடாரின் நிறமாலையில் இரண்டு முகடு தெரியும். ஒன்று காற்று, மற்றது விழுகிற மழைத்துளி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் துளிகளின் அளவைக்கூடக் கணிக்கலாம். மூன்று எண்ணாக்கிவிட்டால் எந்த முகட்டின் நகர்வு அது என்பதே தெரியாது.

2005இல் அந்த இடம் தேசிய வளிமண்டல ஆய்வகம் ஆனது. 2010இல் தேசிய அறிவு வலையமைப்பு வந்தது. ராடாரிலும் இப்போது ஆன்டெனாவுக்கு ஒன்றாக, அலையை அனுப்பி வாங்கும் தனித்தனி மாட்யூல். இன்றைய மாணவர்கள் முப்பது வருஷக் காற்றை வரைபடமாகப் போட்டு, எங்கள் காலத்து மழையைப் பற்றிக் கேட்கிறார்கள். நிறமாலை டேப்பில் தங்கிய நாட்களுக்குப் பதில் கிடைக்கும். என் பிளாப்பியில் மட்டும் தங்கிய நாட்களுக்குக் காற்றின் வேகத்தைத்தான் சொல்ல முடியும். இடிமழை நாளாக இருந்தால் அந்த வேகத்தையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளச் சொல்வேன்.